‘ரீபூட்’ கொடுத்தால் போர்டு எழ மாட்டேங்குதா? மலை ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் உடனே வேலை செய்கிறது. ‘ரீபூட்’ என்று டைப் செய்தால் மட்டும் செத்துப்போகிறது. சின்ன கம்ப்யூட்டர் போர்டுகளோடு வேலை செய்யும் பலருக்கும் பழக்கமான இந்தத் தலைவலிக்கு என்ன காரணம்? எப்படிக் கண்டுபிடிப்பது?

1977 மார்ச் 10. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானியல் ஆய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி, ஒரு நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. யுரேனஸ் கோள் அந்த நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போகப்போகிறது. ஆனால், கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திர ஒளி சில விநாடிகள் மங்கித் திரும்பியது. அதே நிகழ்வை அமெரிக்காவின் பறக்கும் ஆய்வகமான கைப்பரும் பதிவு செய்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்று உலகம் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

அந்தச் சில விநாடிகளில் பதிவுக் கருவி நின்றுபோயிருந்தால்? நட்சத்திரத்திடம் ‘ஒரு நிமிஷம் இருப்பா, ரீஸ்டார்ட் பண்ணிட்டு வர்றேன்’ என்று சொல்ல முடியாது. போனது போனதுதான்.

இன்று தொலைநோக்கி, வானிலை நிலையம், சோலார் பம்ப், காட்டு கேமரா என எதை எடுத்தாலும் உள்ளே கையளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்று இருக்கும். மனிதரோ தூரத்தில் இருப்பார். காவலூர் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் மையம், லடாக்கில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியை பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் இருந்தபடியே செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறது. இப்படிப்பட்ட இடங்களில் ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு’ என்பது எளிய அறிவுரை அல்ல. அதைச் செய்ய யாராவது மலை ஏற வேண்டும்.

ரீபூட் என்பது ஒரே வேலையா?

இல்லை. அது ஒரு ரிலே ரேஸ். ஒருவர் ஓடி முடித்து, குச்சியை அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும்.

முதலில் ஓடுவது பூட் ராம். இது சிப்புக்குள்ளேயே பொறித்து வைக்கப்பட்ட சின்ன புரோகிராம். யாராலும் மாற்ற முடியாது. எஸ்டி கார்டு, இஎம்எம்சி, ஃபிளாஷ் என்று வரிசையாகத் தேடி, அடுத்த புரோகிராமை எடுத்து வரும். இரண்டாவதாக ஓடுவது ஒரு குட்டி லோடர். அதன் முக்கிய வேலை, ரேம் மெமரியை எழுப்புவது. மூன்றாவது பூட்லோடர். பெரும்பாலான போர்டுகளில் இது யு-பூட். இது கர்னலையும் ‘டிவைஸ் ட்ரீ’யையும் ரேமுக்குள் ஏற்றும். டிவைஸ் ட்ரீ என்பது, போர்டில் எந்தப் பாகம் எந்த முகவரியில் இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் பட்டியல். நான்காவது, லினக்ஸ் கர்னல். அது ரூட் ஃபைல் சிஸ்டத்தைத் திறந்து, மற்ற சேவைகளைத் தொடங்கி வைக்கும். அப்புறம்தான் லாகின் திரை.

ஆகவே, போர்டு எழவில்லை என்றால் ‘என்ன கெட்டுப்போச்சு?’ என்று ஆரம்பிப்பது தப்பான கேள்வி. ‘குச்சி யார் கையில் நின்றது?’ என்பதே சரியான கேள்வி.

முதல் வேலை: சீரியல் கேபிள்

எச்டிஎம்ஐ திரை, நெட்வொர்க், எஸ்எஸ்எச் எல்லாம் ரேஸின் கடைசிக் கட்டத்தில்தான் உயிர் பெறும். ஆரம்பத்திலேயே பேசத் தொடங்குவது சீரியல் போர்ட் மட்டும்தான். இதற்குத் தேவை ஒரு யுஎஸ்பி-சீரியல் கேபிள். மூன்று வயர் போதும். கிரவுண்டுக்குக் கிரவுண்டு, போர்டின் அனுப்பும் பின் கேபிளின் வாங்கும் பின்னுக்கு, போர்டின் வாங்கும் பின் கேபிளின் அனுப்பும் பின்னுக்கு. வேகம் பெரும்பாலும் 115200 பாட். கேபிள் 3.3 வோல்ட் வகையா என்று பார்ப்பது முக்கியம். 5 வோல்ட் கேபிளை மாட்டினால் போர்டு ‘எழவில்லை’ என்ற பிரச்சினையே இருக்காது, போர்டே இருக்காது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. போர்டின் பவரைப் பிடுங்கிய பிறகும், மாட்டியிருக்கும் சீரியல் கேபிளின் அனுப்பும் வயர் வழியாக லேசாக மின்சாரம் கசிந்து போர்டுக்குள் போகும். போர்டு முழுசாக அணையாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். ‘பவர் ஆஃப் பண்ணியும் எழல’ என்று குழம்புகிறவர்கள், ஒருமுறை கேபிளையும் கழற்றி, சில விநாடிகள் விட்டு மாட்டிப் பார்க்க வேண்டும்.

எங்கே நின்றது?

சீரியல் திரையில் கடைசியாக வந்த வரிதான் துப்பு. பொதுவாக நான்கு விதமாக நிற்கும்.

முதல் வகை: ‘ரீஸ்டார்ட்டிங் சிஸ்டம்’ என்று வந்து, 1 விநாடி கழித்து ‘ரீபூட் ஃபெயில்ட், சிஸ்டம் ஹால்ட்டட்’ என்று நின்றுவிடும். ஏஆர்எம் சிப்புகளுக்கான லினக்ஸ் கர்னலில் இந்த வரி எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. இதன் அர்த்தம்: கர்னல் தன் வேலை எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துவிட்டது, ஆனால் சிப்பை ரீசெட் செய்ய யாரிடம் சொல்வது என்று அதற்குத் தெரியவில்லை, அல்லது சொல்லியும் கேட்கவில்லை.

ஏஆர்எம் உலகத்தில் ரீசெட் பட்டன் எல்லா சிப்பிலும் ஒரே இடத்தில் இருக்காது. சிலவற்றில் ஒரு ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். சிலவற்றில் ஒரு ஜிபிஐஓ பின்னை அசைக்க வேண்டும். சிலவற்றில் கர்னலுக்கும் கீழே இருக்கும் ஃபர்ம்வேரிடம் கேட்க வேண்டும். ராஸ்பெரி பை போர்டுகளில் இந்த வேலையை வாட்ச்டாக் டைமரின் டிரைவரே செய்கிறது. அதனால், கர்னலைச் சொந்தமாக கம்பைல் செய்கிறவர் ‘வாட்ச்டாக் நமக்கு எதுக்கு?’ என்று அந்த டிரைவரை எடுத்துவிட்டால், போர்டுக்கு ரீபூட் செய்யும் வழியே போய்விடும் நிலை வரும். எனவே, இந்த வரி வந்தால் பார்க்க வேண்டியவை இரண்டு: ரீசெட் செய்யும் டிரைவர் கர்னலில் இருக்கிறதா? டிவைஸ் ட்ரீயில் அதற்கான பதிவு இருக்கிறதா?

இரண்டாவது வகை: ‘ரீஸ்டார்ட்டிங் சிஸ்டம்’ என்று வந்ததும் மயான அமைதி. பிழைச் செய்தியும் இல்லை, பூட்லோடரின் முதல் வரியும் இல்லை. அதாவது, சிப் ரீசெட் ஆகிவிட்டது. பூட் ராம் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் அடுத்த ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பவரைப் பிடுங்கிச் செருகினால் ஓடுகிறது என்ற மர்மத்துக்கு விடை பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாவது வகை: யு-பூட் வருகிறது, கர்னலும் வருகிறது, பிறகு ‘ரூட் ஃபைல் சிஸ்டத்தைத் திறக்க முடியவில்லை’ என்று கர்னல் பேனிக் ஆகிறது. எஸ்டி கார்டு கெட்டிருக்கலாம். ரூட் பார்ட்டிஷனின் பெயர் மாறியிருக்கலாம். புதிய கர்னலில் அந்த ஃபைல் சிஸ்டத்துக்கான டிரைவர் விடுபட்டிருக்கலாம்.

நான்காவது வகை: எழுகிறது, விழுகிறது, மறுபடி எழுகிறது, மறுபடி விழுகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது சாஃப்ட்வேரை அல்ல, பவர் சப்ளையை. ராஸ்பெரி பையில் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும். சோலார் பேனலும் பழைய பேட்டரியும் நீளமான வயரும் சேர்ந்த இடங்களில், கர்னல் எல்லாப் பாகங்களையும் ஒரே நேரத்தில் எழுப்பும் அந்தச் சில விநாடிகளில்தான் மின்னழுத்தம் சரியும். ஆய்வக மேசையில் நல்ல அடாப்டரில் ஓடிய அதே போர்டு, மலையில் மக்கர் பண்ணுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ரீபூட் வேறு, பவர் ஆஃப் வேறு

இரண்டாவது வகையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ஏனென்றால், பலரும் நாள்கணக்கில் மாட்டிக்கொள்வது இதில்தான்.

பவரைத் துண்டித்தால் போர்டில் உள்ள எல்லாப் பாகங்களும் தங்கள் பழைய நிலையை மறந்துவிடும். ரீபூட் அப்படி அல்ல. ரீசெட் ஆவது பிராசஸர் சிப் மட்டுமே. பக்கத்தில் இருக்கும் ஃபிளாஷ் மெமரிக்கும் எஸ்டி கார்டுக்கும் மின்சாரம் அப்படியே போய்க்கொண்டிருக்கிறது. தூங்கி எழுந்தவர் பிராசஸர் மட்டும்தான். மற்றவர்கள் பழைய பேச்சின் நடுவிலேயே இருக்கிறார்கள்.

பூட் செய்யப் பயன்படும் எஸ்பிஐ ஃபிளாஷ் மெமரியை எடுத்துக்கொள்ளலாம். இதில் ஒரு இடத்தைக் குறிக்க முதலில் 3 பைட் முகவரி வைத்தார்கள். 3 பைட் என்றால் 24 பிட். அதை வைத்து 1,67,77,216 இடங்களைத்தான் எண்ண முடியும். அதாவது 16 மெகாபைட். அதைவிடப் பெரிய ஃபிளாஷ் வந்தபோது 4 பைட் முகவரி தேவைப்பட்டது. லினக்ஸ் கர்னல் ஓடும்போது சில ஃபிளாஷ் சிப்புகளை ‘இனி 4 பைட்டில் பேசுவோம்’ என்று மாற்றிவிடும்.

இப்போது ரீபூட். பூட் ராம் பழைய ஆள். அவருக்கு 3 பைட் பேச்சு மட்டுமே தெரியும். மூன்று பைட் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். ஃபிளாஷோ நான்காவது பைட்டுக்குக் காத்திருக்கிறது. வரும் பதில் குப்பை. பூட் ராம் ‘இங்கே எதுவும் இல்லை’ என்று முடிவு செய்து நின்றுவிடுகிறார்.

முறைப்படி ரீபூட் செய்தால், அணைவதற்கு முன் கர்னல் ஃபிளாஷை மறுபடி 3 பைட்டுக்கு மாற்றி வைக்க முயலும். அதனால் ஆய்வகத்தில் நூறு முறை ரீபூட் செய்தாலும் ஒழுங்காக எழும். ஆனால், கர்னல் உறைந்துபோய் வாட்ச்டாக் திடீரென ரீசெட் செய்தால், மாற்றி வைக்க நேரம் ஏது? போர்டைக் காப்பாற்ற வைத்த வாட்ச்டாக்கே அதை எழ முடியாத நிலைக்குத் தள்ளிவிடும். இப்படிப்பட்ட போர்டுகளுக்காக லினக்ஸ் கர்னலில் ஒரு மாற்று ஏற்பாடு இருக்கிறது. அது இயங்கும்போது, ‘எதிர்பாராத ரீபூட்டில் இருந்து மீளாமல் போகலாம்’ என்று கர்னலே எச்சரிக்கை எழுதும். பூட் லாகில் அந்த வரியைப் பார்த்தும் கடந்து போகிறவர்கள், பிறகு மலை ஏறித்தான் அதைப் படிக்க வேண்டியிருக்கும்.

எஸ்டி கார்டிலும் இதே கதை. அதிவேகத்துக்காக கர்னல் கார்டின் சிக்னலை 3.3 வோல்ட்டில் இருந்து 1.8 வோல்ட்டுக்கு மாற்றும். கார்டு திரும்பவும் 3.3-க்கு வர ஒரே வழி, அதன் பவரைத் துண்டிப்பதுதான். ரீபூட்டில் கார்டின் பவர் போகாவிட்டால், பூட் ராம் 3.3 வோல்ட்டில் கூப்பிடும், கார்டு 1.8 வோல்ட்டில் உட்கார்ந்திருக்கும்.

இரண்டுக்குமான நிரந்தரத் தீர்வு சாஃப்ட்வேரில் இல்லை, போர்டு வடிவமைப்பில் இருக்கிறது. ரீசெட் பின் உள்ள ஃபிளாஷைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பின்னை போர்டின் ரீசெட் வயரோடு இணைக்க வேண்டும். எஸ்டி கார்டின் பவர், ரீசெட் ஆகும்போது துண்டிக்கப்பட வேண்டும். போர்டு ஏற்கெனவே தயாராகிவிட்டதா? ஃபிளாஷின் நிலையை மாற்றாமல், ஒவ்வொரு முறையும் 4 பைட் முகவரியைச் சேர்த்தே அனுப்பும் தனிக் கட்டளைகளை ஏற்கும் ஃபிளாஷ் சிப்புகள் இருக்கின்றன. கார்டுக்கு, வேகத்தைக் குறைத்து 3.3 வோல்ட்டிலேயே ஓட்டலாம். கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும், ஆனால் எழும்.

செவ்வாயில் நடந்த ரீபூட்

மலை ஏறிப் போய் பவரைப் பிடுங்கவாவது முடியும். அதுவும் முடியாத இடத்தில் இப்படி நடந்தால்?

2004 ஜனவரி 4-ல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ரோவர், ஜனவரி 21-ல் திடீரென ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. அதன் கம்ப்யூட்டர் தன்னைத்தானே ரீபூட் செய்துகொண்டே இருந்தது. சில நாள்களில் 60 முறைக்கு மேல். ரீபூட் சுழற்சியில் சிக்கியதால் இரவில் தூங்கக்கூட முடியவில்லை, பேட்டரி கரைந்துகொண்டிருந்தது. ஒரு சிக்னல் போய்ச் சேரவே அப்போது சுமார் 10 நிமிடம் ஆனது.

காரணம் எளிமையானது. ரோவரில் இருந்த 256 மெகாபைட் ஃபிளாஷ் மெமரியில், பயணத்தின்போதே சேரத் தொடங்கிய ஃபைல்கள் குவிந்துவிட்டன. அந்த ஃபைல்களின் பட்டியலை வைத்துக்கொள்ள ரேமில் ஒதுக்கிய இடம் போதவில்லை. எனவே கம்ப்யூட்டர் ரீசெட் ஆனது. எழுந்ததும் முதல் வேலையாக மறுபடி அதே ஃபிளாஷைத் திறந்தது. மறுபடி இடம் போதவில்லை. மறுபடி ரீசெட்.

பொறியாளர்கள் செய்தது, நம் ஊர் போர்டுக்கும் பொருந்தும் வேலைதான். சந்தேகத்துக்குரிய பாகத்தைத் தொடாமல் பூட் செய்யச் சொன்னார்கள். ஃபிளாஷைத் திறக்காமல், ரேமை மட்டும் வைத்து எழும்படி கட்டளை அனுப்பினார்கள். ரோவர் எழுந்தது. அதன் பிறகு தேவையில்லாத ஃபைல்களை நீக்கி, பிப்ரவரியில் ஃபிளாஷை ஃபார்மட் செய்தார்கள். சுமார் 90 நாள் வேலைக்குப் போன ஸ்பிரிட், 2010 மார்ச் வரை பூமியோடு பேசியது.

அது பிழைத்ததற்குக் காரணம் பூமியில் இருந்தவர்களின் சாமர்த்தியம் மட்டும் அல்ல. ‘ஃபிளாஷ் இல்லாமலும் எழலாம்’ என்ற வழியை, ராக்கெட் ஏறும் முன்பே யாரோ எழுதி வைத்திருந்தார்கள்.

மலைக்கு அனுப்பும் முன் என்ன செய்யலாம்?

பேனிக் ஆனால் சும்மா நிற்காதே என்று சொல்லுங்கள்: லினக்ஸ் கர்னலின் இயல்பான அமைப்பில், பேனிக் ஆனால் அது அப்படியே நின்றுவிடும். யாராவது வந்து பார்க்கும் வரை காத்திருக்கும். மேசையில் இது நல்லது. மலையில் இது வேலைக்காகாது. கர்னல் கட்டளை வரியில் ‘பேனிக்=10’ என்று சேர்த்தால், 10 விநாடியில் தானாக ரீபூட் ஆகும்.

வாட்ச்டாக்கை உண்மையாகவே ஆன் செய்யுங்கள்: குறிப்பிட்ட நேரத்துக்குள் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சாஃப்ட்வேர் சொல்லாவிட்டால் ரீசெட் செய்யும் டைமர்தான் வாட்ச்டாக். பல போர்டுகளில் இருக்கும், ஆனால் யாரும் இயக்கியிருக்க மாட்டார்கள். தூர இடங்களுக்கு, சிப்பை மட்டும் ரீசெட் செய்யாமல் போர்டின் முழுப் பவரையும் சில விநாடிகள் துண்டிக்கும் வெளி வாட்ச்டாக் நல்லது. மேலே சொன்ன ஃபிளாஷ், எஸ்டி கார்டு சிக்கல்கள் இரண்டும் அதில் அடிபட்டுப்போகும்.

இரண்டு காப்பி வையுங்கள்: ஒரு பார்ட்டிஷனில் ஓடும் சிஸ்டம், இன்னொன்றில் ஏற்கெனவே ஓடி நிரூபித்த பழைய சிஸ்டம். புதிய அப்டேட் போட்டு, யு-பூட் குறிப்பிட்ட தடவை முயன்றும் எழவில்லை என்றால் பழையதற்குத் திரும்பும்படி செய்யலாம். இதற்கான எண்ணிக்கை வசதி யு-பூட்டிலேயே இருக்கிறது. சரியாக எழுந்த பிறகு அந்த எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக்க மறந்துவிடக் கூடாது. மறந்தால் நன்றாக ஓடும் சிஸ்டமும் ஒருநாள் பழையதற்குத் தாவிவிடும்.

கடைசி வார்த்தையைச் சேமியுங்கள்: கர்னல் சாகும் முன் எழுதிய லாகை, ரீபூட்டிலும் அழியாத ஒரு ரேம் பகுதியில் வைத்து, எழுந்ததும் படிக்கும் வசதி லினக்ஸில் உண்டு. பெயர் பிஸ்டோர். இதை ஆன் செய்திருந்தால், சீரியல் கேபிள் மாட்ட ஆளில்லாத இடத்திலும் துப்பு கிடைக்கும். முழுப் பவரும் போனால் ரேமில் இருப்பதும் போய்விடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எத்தனை முறை சோதிப்பது?

‘ரீபூட் பண்ணிப் பார்த்தேன், ஓடுது’ என்பது சோதனை அல்ல. மூன்று விதமாக விழவைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, முறையான ரீபூட். இரண்டு, கர்னலை வேண்டுமென்றே பேனிக் ஆக்குவது; ‘சிஸ்ஆர்கியூ’ என்ற வசதி மூலம் இதை ஒரே வரியில் செய்யலாம். மூன்று, வாட்ச்டாக்குக்குப் பதில் சொல்லாமல் விட்டு, அது கடிக்கும் வரை காத்திருப்பது. ஒவ்வொன்றையும் ஸ்கிரிப்ட் எழுதி இரவெல்லாம் ஓடவிட்டு, சீரியல் லாகைச் சேமிக்க வேண்டும். 500-ல் ஒருமுறை மட்டும் நிற்கும் போர்டு, நாளுக்கு ஒருமுறை ரீபூட் ஆனால், சராசரியாக ஒன்றரை ஆண்டுக்குள் ஒருநாள் நின்றுவிடும். அப்படிப்பட்ட பத்து போர்டுகள் மலையில் இருந்தால், சராசரியாக 50 நாளுக்கு ஒருமுறை யாராவது கிளம்ப வேண்டியிருக்கும்.

சோதனையின்போது உண்மையான பேட்டரி, உண்மையான நீள வயர், உண்மையான எஸ்டி கார்டு ஆகியவற்றையே பயன்படுத்த வேண்டும். மலையில் எந்த மாடல் கார்டு போகப்போகிறதோ அதே மாடலை வைத்து ஓட்ட வேண்டும். கார்டு மாறினால் சோதனையும் முதலில் இருந்து.

இதெல்லாம் முடிந்து போர்டைப் பெட்டியில் வைத்துத் திருகும்போது, இன்னும் ஒரே ஒரு வேலை இருக்கிறது: சீரியல் போர்ட்டின் மூன்று வயரையும் பெட்டிக்கு வெளியே இழுத்து, ஒரு கனெக்டரில் முடித்து, எது எந்த வயர் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். என்றாவது ஒருநாள் லேப்டாப்போடு மலை ஏறிப் போகிறவர், ஸ்குரூ டிரைவரைத் தேடாமல் முதல் வரியைப் படிக்க அது போதும்.